விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நகராட்சிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளப் போட்டது யாருடைய யோசனை என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டியதிலேயே கழன்றிருக்குமோ என்று இன்னொரு முறை வந்து ஆட்டுவேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் ஒரு தடிமனான பதிவேட்டைக் கொடுத்து, "இதுல இருக்கிற கட்டடம் எல்லாம் இனிமே உங்க பொறுப்பு" என்றார்கள். அன்று இரண்டு டம்ளர் மோர் குடித்தும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை.

பதவியின் பெயர் ஒர்க் இன்ஸ்பெக்டர். தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய ஒரு நகராட்சி. எது என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சில வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இரும்புலியூரில் என் வீடு. காலையில் சைக்கிளை எடுத்தால், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி ஏணியில் எந்தப் பயலாவது ஏறுகிறானா, பஸ் நிறுத்தத்துக் கூரை இருக்கிற இடத்திலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டுக்கொண்டே ஆபீஸ் போய்ச் சேருவேன். சுடுகாட்டுக் கொட்டகைக்குப் போனால் மட்டும் கொஞ்சம் நிம்மதி. அங்கே கூரை விழுந்தாலும் யாருக்கும் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது.

இந்தப் பதிவேட்டில் பதினோராவது பக்கத்தில் இருந்தது பிரசவ ஆஸ்பத்திரி. ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு வராந்தா. பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் ஏரிக்கரைக் களிமண்மேல் கட்டியது. ஊர் நகராட்சியானபோது நாற்காலி, வாளி, தெருவிளக்கோடு சேர்த்து இதையும் ஒப்படைத்துவிட்டார்கள். உள்ளே பிரசவம் பார்க்கிற சிஸ்டர் வேறு துறை. கூட்டித் துடைக்கிற ஆயா எங்கள் நகராட்சி. கட்டடம் எங்களுடையது. அது நிற்கிற மண் யாருடையது என்பது பற்றி இரண்டு ஆபீஸ்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. பிறக்கிற குழந்தை மட்டும்தான் தகராறில்லாமல் பெற்றவளுக்குச் சொந்தம்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிய வாரம், சிஸ்டர் ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். "சுவரில் விரிசல் உள்ளது. ஆவன செய்யவும்." ஆவன என்றால் என்ன என்பது என் பொறுப்பு.

போய்ப் பார்த்தேன். ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, படிக்கட்டு ஏறுவதுபோல் செங்கல் செங்கலாக ஏறி, மேல்தளம் வரை போயிருந்தது. பென்சில் முனை நுழைந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கமும் அதே கோடு. சுவர் முழுக்கப் பிளந்திருந்தது. அதற்கு நேர் கீழே நாலாம் நம்பர் கட்டில். அதில் ஒரு பெண் மூன்று நாள் குழந்தையோடு படுத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பேப்பரில் அந்தச் சுவரும், சுவருக்குக் கீழே என் பெயரும் வரப்போவதை நான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தேன்.

எங்கள் இன்ஜினியர் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த மனிதர். நெருப்புப் பிடித்தாலும் மேல்துண்டை மடித்து வைத்துவிட்டுத்தான் ஓடுவார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கட்டடம்னா விரிசல் இருக்கும்யா. அது செத்த விரிசலா, உயிரோட இருக்கிற விரிசலா? அதான் கேள்வி."

"அதை எப்படி சார் பாக்கிறது? மூக்குல பஞ்சு வெச்சா?"

"கண்ணாடி ஒட்டு" என்றார். என் கிண்டலை அவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. "விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டு. ரெண்டு முனையிலயும் சிமெண்ட் வெச்சுப் பிடிச்சிடு. விரிசல் அசைஞ்சா கண்ணாடி உடையும். ஒரு மாசம் உடையலன்னா அது செத்துப் போச்சு, அடைச்சுப் பூசிடலாம். உடைஞ்சா அன்னிக்கே வந்து சொல்லு, எல்லாரையும் வெளியேத்திடணும்."

கேட்க அழகாக இருந்தது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய், கழிவுக் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார் கடைக்கார பாய்.

"ஒரு விரிசலுக்கு."

"விரிசல் மூஞ்சி பாக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அறுத்துக் கொடுத்தார்.

நாலாம் நம்பர் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டு, பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியச் சுத்தம் செய்து, கண்ணாடியை ஒட்டினேன். பக்கத்துச் சுவரில் கறுப்புப் பெயிண்டால் தேதி போட்டேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆயா. ஐம்பது வயதிருக்கும். பஞ்சாயத்துக் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற மனுஷி. ஊரில் பாதிப் பேரை அம்மணமாகப் பார்த்தவர் என்பதால் யாரிடமும் பயம் கிடையாது.

"இன்னா சார் இது, செவுத்துக்குப் பிளாஸ்திரியா?"

என் பதவியின் முழு கனத்தையும் குரலில் ஏற்றிக்கொண்டு நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் எழுத்து மாறாமல் சொல்ல முடியும். "இது ஆபீஸ் கண்ணாடிம்மா. இது உடையவே கூடாது. உடைஞ்சா என் வேலையே போயிடும். நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்."

"நீ போ சார். நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆயா.

அதன்பிறகு ஐந்து வாரம் நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போவேன். இரண்டுக்கும் நடுவே வானம் இருட்டினால் ஆபீஸ் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடப்பேன். பெருங்களத்தூர் முனையில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்காக மழையில் முட்டி மோதிக்கொண்டிருக்கும். நான் மட்டும் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எதிர்த்திசையில், ஒரு துண்டுக் கண்ணாடியைப் பார்க்கப் போய்க்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கியது என் மைத்துனன்தான். பக்கத்து வீட்டில் அணுகுண்டு வெடித்தபோதெல்லாம் சுவர்தான் என்று நான் எழுந்து நின்றதாக என் மனைவி இன்னும் சொந்தக்காரர்களிடம் நடித்துக் காட்டுகிறாள்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்பிள்ளை திடுதிப்பென்று நுழைய முடியாது. வராந்தாவில் நின்று இருமுவேன். உள்ளேயிருந்து ஆயாவின் அறிவிப்பு வரும். "கண்ணாடிக்காரரு வந்துட்டாரு, எல்லாரும் இய்த்துப் போத்திக்கோங்கோ!"

தலையைக் குனிந்தபடி நேராகச் சுவரிடம் போய், கண்ணாடியைப் பார்த்து, தடவிப் பார்த்து, அதே குனிவில் வெளியே வருவேன். கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு தொடரும்.

"யக்கா, நம்ம வூட்டுக்காரரு கூட இத்தினி வாட்டி வந்து பாக்கலக்கா" என்பாள் ஒருத்தி.

"இந்த அண்ணனுக்கு அந்தக் கண்ணாடில இன்னாதான் தெரியுதோ!"

"தலை சீவிக்கினு போறாரு போல."

சிஸ்டர் சிரிக்காமல்தான் சொல்வார். "சார், பேஷண்ட்ஸைவிட உங்க விசிட்தான் ஜாஸ்தி. ரிஜிஸ்டர்ல பேர் எழுதிக்கட்டுமா? எத்தனையாவது மாசம்?"

கண்ணாடி உடையவில்லை. முதல் வாரம் இல்லை, இரண்டாம் வாரம் இல்லை. ராத்திரி முழுக்க அடித்துப் பெய்து, ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற மூன்றாம் வாரமும் இல்லை. பளபளவென்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆயா அதைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார் என்றுகூட நினைத்துப் பெருமைப்பட்டேன். "அசைவில்லை" என்று பதிவேட்டில் தினம் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பள்ளம் நிறைய மழைத்தண்ணீர். ஒரு மோட்டார் காலையிலிருந்து மாலைவரை இறைத்துக்கொண்டே இருக்கும். நான் தினமும் இரண்டு முறை ஜன்னல் வழியாக அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். அது எங்கள் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனைக்கும் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளத்துக்கு அனுமதி கொடுத்த ஃபைல், ஆபீஸில் என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளித்தான் கிடந்தது. பள்ளம் தோண்டலாம் என்று கையெழுத்துப் போட்டதும் நாங்கள், சுவர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாங்கள்.

ஐந்தாம் வாரக் கடைசியில் இன்ஜினியரிடம் போய் மார்பை நிமிர்த்தினேன். "செத்துப்போச்சு சார்."

"யாரு?" என்றார்.

"விரிசல் சார்."

"அப்படிச் சொல்லு. திங்கட்கிழமை அடைச்சுப் பூசிடு."

கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்து நிம்மதியாக இரண்டு வடை சாப்பிட்டேன். இரண்டாவது வடையில் பாதி உள்ளே போயிருக்கும். பயம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றால் எனக்கு வேறு மாதிரியான பயம் வரும். இவ்வளவு மழையில், களிமண்ணில், ஒரு மயிரிழைகூட அசையாமல் ஒரு சுவர் நிற்குமா? நான் ஒழுங்காகப் பார்த்தேனா? பார்த்தது கண்ணாடிதானா? மணி பன்னிரண்டு. நான் வழக்கமாகப் போகிற நேரமே இல்லை. மீதி வடையை வைத்துவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்தேன்.

வராந்தாவில் இருமினேன். அறிவிப்பு வரவில்லை. இன்னொரு முறை இருமினேன். பிரசவ அறையிலிருந்து வலியில் ஒரு பெண் கத்துகிற சத்தம் வந்தது. சிஸ்டர் அங்கே இருந்தார். மெல்ல எட்டிப் பார்த்தேன்.

சுவரோரம் ஸ்டூல்மேல் ஆயா நின்றிருந்தார். இடது கையில் தட்டு, தட்டில் குழைத்த சிமெண்ட். வலது கை சுவரில். உதட்டில், தையல்காரர் ஊசியைக் கவ்வுவதுபோல், விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டைக் கவ்வியிருந்தார். கட்டில்களில் இருந்த மூன்று பெண்களும் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆயாம்மா!" என்றேன்.

அவர் திரும்பினார். கண்ணாடியை உதட்டிலிருந்து எடுத்தார். ஊரில் யாருக்கும் பயப்படாத அந்த மனுஷியின் முகத்தில் அன்றுதான் நான் பயத்தைப் பார்த்தேன். அது எனக்கு மிகவும் பழக்கமான முகமாக இருந்தது.

"சார், சத்தியமா நான் ஒடைக்கல சார். என் புள்ளைங்க மேல ஆணையா. தொடைக்கக்கூட இல்ல. தானா ஒடையுது சார்!"

"தானா உடையுதா?"

"தானா. நீ சாய்ந்தரம் பாத்துட்டுப் போற, நல்லா கீது. காலைல கூட்ட வந்தா ஒடைஞ்சி கெடக்குது, நீ வரதுக்குள்ள மாத்திடுவேன். இன்னிக்கு நீ வந்துட்டுப் போனப்புறம் ஒடைஞ்சிட்ச்சு."

"எத்தனை தடவை?"

"இத்தோட அஞ்சு."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஆயா மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். "போன வருசம் தர்மாமீட்டர் ஒடைஞ்சதுக்கே மெமோ குடுத்து, மூணு வாட்டி ஆபீசுக்கு இய்த்து, எய்தி வாங்கினாங்க சார். அதான் வூட்ல இருந்த கல்யாண போட்டோக் கண்ணாடிய எடுத்துக்கினு போயி, அந்த பாய்கிட்டயே இதே அளவுக்கு அறுத்து வாங்கியாந்தேன். நீதான சொன்ன, ஒடைஞ்சா உன் வேல பூடும்னு? உனுக்கும்தான் சார் செஞ்சேன்."

"கல்யாண போட்டோவா?"

"அந்தாளு மூஞ்சிக்கு இன்னாத்துக்கு சார் கண்ணாடி?" என்றார். அந்தப் பதற்றத்திலும் ஒரு கட்டிலில் களுக்கென்று சிரிப்பு கேட்டது. ஆயா ஜன்னல் திட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே நான்கு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக. "ஒடைஞ்ச சாமானக் காட்டுனாத்தான கணக்குல கழிப்பாங்க. அதான் எட்த்து வெச்சேன்." ஐந்தாவது, சுவரிலேயே, நடுவில் கோடு விழுந்து கிடந்தது. பென்சிலை நுழைத்துப் பார்த்தேன். முனை இல்லை, முழுப் பென்சிலே உள்ளே போனது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. "எல்லாரும் வெளிய வாங்க" என்பதைத்தான் கத்தியிருப்பேன் என்று நம்புகிறேன். ஆயா கேள்வியே கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மூன்று குழந்தைகளையும் வாரிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். பிரசவ அறை அதே சுவரின் மறுகோடியில் இருந்தது. அதன் கதவைத் தட்டினேன்.

"சிஸ்டர், சுவர் விழப்போகுது. வெளிய வாங்க!"

உள்ளேயிருந்து, வலியின் இரண்டு கூச்சல்களுக்கு நடுவே, சிஸ்டர் பதில் சொன்னார். "குழந்தை வெளிய வராம நான் வெளிய வர முடியாது சார். தலை தெரியுது. ஒரு அரை மணி நேரம் உங்க சுவரைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

யாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது? அந்தக் கட்டடம் நகராட்சியுடையது, நகராட்சி என்றால் அந்த வராந்தாவில் அப்போது நான் ஒருவன்தான். ஓடினேன். பக்கத்து மனையில் தார்ப்பாய்க்கு அடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. அவர் பின்னால் மாடித்தளத்துக்கு முட்டுக் கொடுக்க வாங்கிய சவுக்குக் கட்டைகள் அடுக்கியிருந்தன.

"அண்ணா, அந்தக் கட்டை வேணும். ஆப்பு வேணும். பலகை வேணும்."

"எத்தினி நாளிக்கு சார்?"

"அரை மணி நேரத்துக்கு!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பீடியைப் போட்டுவிட்டு எழுந்தார். கூட இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். கட்டையைத் தோளில் தூக்கியபடியே சொன்னார். "நேத்தே நெனச்சேன் சார். எங்க பள்ளத்தாண்ட உங்க செவுத்து மண்ணு சரிஞ்சிகினு கீது."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"நீ தெனம் ரெண்டு வாட்டி ஜன்னல்ல நின்னு பாத்துகினே கீற. ஆபீசருக்குத் தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்."



மேல்தளத்துக்கு அடியில் பலகை வைத்து, ஜன்னல் மேல் விட்டத்துக்கு ஒன்று, மூலைக்கு இரண்டு, பிரசவ அறைக் கதவுப் பக்கம் ஒன்று என்று கட்டைகளை நிறுத்தினார்கள். அடியில் ஆப்பை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார் மேஸ்திரி. ஒவ்வொரு தட்டுக்கும் என் பல் கூசியது. உள்ளே அந்தப் பெண் அலறினாள். சிஸ்டர், "இன்னும் கொஞ்சம், அவ்ளோதான்மா, இன்னும் கொஞ்சம்" என்றார். வெளியே மேஸ்திரியும் தன் ஆளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? விரிசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, காலை அகட்டி, என் ஐம்பத்து நான்கு கிலோவையும் கொடுத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி கடைசி ஆப்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். "சார், நீ வுட்டா வியுந்துடுமா?"

"தெரியலையே!" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"தெரியாதுன்னா வுடாத. பிட்ச்சிக்க" என்றார்.

குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. பெண் குழந்தை. கதவு திறந்து, துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்தபடி சிஸ்டர் வந்தார். சவுக்குக் காட்டுக்குள் நுழைந்தவர்போல் கட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த என்னையும் பார்த்தார். "இப்போ சொல்லுங்க சார், எங்க போகணும்?"

அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆயாதான் சொன்னார். "உங்க ஆபீஸ் மீட்டிங்கு ஹால் சும்மாதான கெடக்குது?" ஆபீஸ் ஜீப்பில் இரண்டு நடையாக நான்கு தாய்மார்களையும் நான்கு குழந்தைகளையும் மன்றக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். தலைவர்களின் படங்களுக்குக் கீழே பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்கை போட்டோம். அந்தக் கூடத்தில் நான்கு பேர் ஒரே குரலில் ஒருமனதாகக் கத்தியது அன்றுதான் முதல் தடவை என்றார் எங்கள் ஹெட் கிளார்க்.

இன்ஜினியர் குடையோடு வந்து சுவரைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். பிஸ்கட் டப்பாவில் இருந்த துண்டுகளை ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் துண்டை மடிக்கவில்லை, அதைக்கொண்டு நெற்றியைத் துடைத்தார். "அஞ்சு தடவை உடைஞ்சிருக்கு. நீ முப்பத்தஞ்சு நாள் 'அசைவில்லை'னு எழுதியிருக்கே. என்ன நடந்ததுன்னு காலைல எழுத்துல வேணும்."

மறுநாள் காலை முதல் ஆளாக ஆபீஸ் போய் உட்கார்ந்து எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் முதலில் எழுதியது இதுதான்: "மேற்படி கண்ணாடியை ஆயா எனது அனுமதியின்றி நான்கு முறை மாற்றிவிட்டபடியால்..." மளமளவென்று வந்தது. பயம் வந்தால் எனக்கு ஆபீஸ் தமிழ் தங்குதடையின்றி வரும். அடுத்த வரியில் அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று போட்டால் முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது.

அப்போது எதிர்க் கூடத்திலிருந்து ஆயா வந்தார். ராத்திரி முழுக்க அங்கேயே தங்கியிருக்கிறார், கண் சிவந்திருந்தது. பிஸ்கட் டப்பாவை என் மேஜைமேல் வைத்தார். "அஞ்சாவது துண்டையும் போட்டுட்டேன் சார். எண்ணிக்கோ. கொற இல்ல." நான் எழுதியதை அவர் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. "நல்லபடியா எய்து சார்" என்றுவிட்டுப் போனார்.

நல்லபடியாக என்றால் எப்படி? பேனாவை மூடினேன், திறந்தேன். ஜன்னல் வரை போய் வந்தேன். கண்ணாடி எதற்காக ஒட்டியிருக்கிறது என்று அந்தம்மாவுக்கு யார் சொன்னார்கள்? உடைந்தால் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று யார் சொன்னார்கள்? "உடையவே கூடாது" என்றுதான் ஒரு புத்திசாலி சொல்லியிருந்தான். சொன்னதைச் சொன்னபடி, சொந்த வீட்டுக் கண்ணாடியைப் போட்டுச் செய்திருக்கிறார். எங்கள் ஆபீஸில் ஓர் உத்தரவு அவ்வளவு ஒழுங்காக அதற்குமுன் நிறைவேறியதில்லை.

காகிதத்தைக் கிழித்தேன். கிழித்தவுடன் பயம் வந்து, அந்தத் துண்டுகளை யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்களோ என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புதுக் காகிதத்தில் நாலே வரி எழுதினேன். கண்ணாடியின் பயனை நான் ஆயாவுக்கு விளக்கவில்லை. உடையக் கூடாது என்றே சொன்னேன். பக்கத்து மனைப் பள்ளத்தைத் தினமும் பார்த்தும் எழுதவில்லை. தவறு என்னுடையது.

இன்ஜினியர் படித்தார். "கடைசி வரியை யோசிச்சுத்தான் எழுதினியா?"

"எடுத்துடலாமா சார்?" என்றேன் ஆவலாக.

"எடுக்கவேண்டாம். அதுதான் ஒழுங்கா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

மெமோ எனக்கு வந்தது. பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு எச்சரிக்கை ஏறியது. பக்கத்துப் பள்ளத்துக்கு மண் நிரப்பச் சொல்லி நோட்டீஸ் போனது. அந்தச் சுவரை அடிவரை பிரித்து, அஸ்திவாரத்தை ஆழப்படுத்தி மறுபடி கட்டினோம். அடுத்த மழைக்கு முன்பு ஆஸ்பத்திரி பழைய இடத்துக்குத் திரும்பியது. திறந்த அன்று ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, நிதானமாக, ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தையாகச் சொன்னேன். "இனிமே எது உடைஞ்சாலும் மறைக்கவேண்டாம்மா. யாரும் உங்களைத் திட்டமாட்டாங்க. உடைஞ்ச உடனே எனக்குச் சொல்லிடுங்க. அதுதான் நல்லது."

"உடனேவா?"

"உடனே."

அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் வந்திருந்தது. இந்த உத்தரவையும் ஆயா சொன்னபடி நிறைவேற்றினார். காலை பத்து மணிக்கு என் மேஜையில் போன் அடிக்கும்.

"சார், ஆயா பேசறேன். ஒடைஞ்சிட்ச்சு."

"எது? எதும்மா?"

மறுமுனையில் பதில் வராது. மூச்சு மட்டும் கேட்கும். யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் மாதிரியும் இருக்கும். பிறகு நிதானமாக, "பக்கெட்டுப் புடி சார்" என்பார். இன்னொரு நாள் விளக்குமாற்றுக் கட்டை. இன்னொரு நாள் சிஸ்டரின் குடைக்கம்பி, அது நகராட்சிச் சொத்தே இல்லை. எதுவாக இருந்தாலும் "ஒடைஞ்சிட்ச்சு"வுக்கும் அது என்ன என்பதற்கும் நடுவே, இரண்டு பஸ் போகிற அளவுக்கு இடைவெளி விடுவார்.

என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த இடைவெளியில் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு, பாதி டீயோடு நான் படியிறங்கியிருப்பேன். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, மாடி ஜன்னலிலிருந்து ஹெட் கிளார்க் எட்டிப் பார்த்துக் கத்துவார். "யோவ், பக்கெட்டாம்யா! பக்கெட்டாம்!"

சரி என்று கையை ஆட்டுவேன். ஆனாலும் ஒரு நடை போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.